கஸ்தூரியார் வீதி ஒழுங்கையில் ஒரு பிறேம் கடை: அம்மப்பாவின் நான்கு பதக்கங்களுக்குப் பெட்டி செய்வித்த கதை

யாழ்ப்பாணத்தில் கல்யாணப் படத்துக்கோ சான்றிதழுக்கோ பிறேம் போட வேண்டும் என்றால் நகருக்குள் எந்தக் கடையிலும் கொடுக்கலாம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய பதக்கம், மணிக்கூடு, கொம்புச் சீப்பு மாதிரித் தடிப்பான ஒரு பொருளைக் கண்ணாடிக்குள் வைக்க நினைக்கிறீர்கள் என்றால் இதைக் கடைசிவரை வாசியுங்கள். நான் நாலு கடை ஏறி இறங்கிய பிறகுதான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் பக்கம் ஒரு ஒழுங்கை உள்ளே போகிறது. அதற்குள் இடதுகைப் பக்கம் மூன்றாவது கதவு. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் முருகன் படமும் மாதா படமும் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும், அவற்றுக்குப் பக்கத்தில் அஞ்சலிப் படங்கள். வாள் அறுக்கிற சத்தம் கேட்டால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். உதவிக்கு மருமகன் ஒருவர். இரண்டு பேர்தான்.

நான் கொண்டு போனது அம்மப்பாவின் நான்கு பதக்கங்கள். 1939–45 நட்சத்திரம், ஆபிரிக்கா நட்சத்திரம், பாதுகாப்புப் பதக்கம், போர்ப் பதக்கம். இரண்டாம் உலகப் போரில் அவர் பிரித்தானியப் படையின் வழங்கல் பிரிவில் இருந்தார். றோயல் ஆர்மி சேர்விஸ் கோர் என்பது அதன் பெயர். இலங்கையர்கள் பலர் அப்போது அதில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். அம்மப்பா எகிப்தில் களஞ்சியத்துக் கிளாக்கர். துப்பாக்கி பிடிக்கப் பழக்கியிருந்தார்களாம், ஆனால் அவர் கையில் நாள் முழுக்க இருந்தது பென்சிலும் பேரேடும்தான். வீட்டில் மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத சைவக்காரர், அங்கே டின் மாட்டிறைச்சியை ஆயிரக்கணக்கில் எண்ணி அடுக்கினார்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு பதக்கங்கள் சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வந்தன. கொக்குவில் வீட்டில் அவற்றை ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு றங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டியை எடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் பெட்டியின் பலகையைக் கறையான் தின்றுவிட்டது. பேணி கிடந்தது. நாடாக்கள் பூஞ்சணம் பிடித்து நூல் நூலாகப் போயிருந்தன. உலோகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகும் அவை பேணிக்குள்தான் கிடந்தன. எங்கள் வீட்டிலேயே ஒரு பேச்சு இருந்தது. "அது சண்டை பிடிச்சவைக்குக் குடுத்ததே? சாமான் நிறுத்துக் குடுத்தவருக்குத்தானே குடுத்தது" என்று நெருங்கிய உறவினர் ஒருவர் செத்த வீட்டில் வைத்துச் சொன்னார். அந்தச் சொல் எனக்கு இன்றும் நோகிறது. ஏனென்றால் நானும் சாமான் நிறுத்துக் கொடுத்தவன்தான். 31 வருடம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் வேலை செய்து களஞ்சியப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் வராது, பற்றரி வராது, சவர்க்காரம் வராது. ஜாம் போத்தலுக்குள் ஒரு சொட்டு எண்ணெயும் பஞ்சும் வைத்து அந்த வெளிச்சத்தில் கூப்பன் பதிந்திருக்கிறேன். 2006 ஓகஸ்டில் முகமாலையில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழிப் பாதை பூட்டியபோது, கப்பலில் வந்த மாவை எத்தனை குடும்பத்துக்கு எப்படிப் பிரிப்பது என்று இரவிரவாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கே சனம் வரிசையில் நிற்கும். ஒரு மூட்டை குறைந்தால் கடைசியில் நிற்கிறவருடைய வீட்டில் அடுப்பு எரியாது. வழங்கல் என்றால் என்ன என்று அந்த வரிசை எனக்குப் படிப்பித்தது.

சரி, கடைக்கு வருகிறேன். நான் முதலில் போன கடைகளில் பதக்கங்களைப் பார்த்ததும் சொன்ன விடை ஒன்றுதான்: "தாங்கோ ஐயா, பின்னால கம் போட்டு ஒட்டித் தாறம்." பதக்கத்தின் பின்பக்கத்தில் பசை போட்டு ஒட்டுவதா? போர்ப் பதக்கத்தின் பின்பக்கத்தில் இரட்டைத் தலைப் பறவைநாகத்தின் மேல் சிங்கம் நிற்கும். அதன் மேல் பசை பூசுவதா? நான் எழும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடையில் நடந்தது வேறு. அவர் கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்தில் மட்டும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பட்டறைப் பத்தரிடம் போய்க் கண்ணில் வைக்கிற கண்ணாடியை வாங்கி வந்து ஓரத்தைச் சுற்றித் தேடினார்.

"பேர் ஒண்டும் வெட்டேல்லையே ஐயா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களில் வீரரின் பெயரும் இலக்கமும் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் பெயர் பொறிக்காமலே அனுப்பிவிட்டார்கள். இந்தியப் படையினருடையதில் பெயர் இருக்கும், எங்களுடையதில் இல்லை. ஆகவே பேணியை விட்டு வெளியே எடுத்தால் அவை யாருடையவை என்று சொல்ல உலோகத்தில் ஓர் எழுத்தும் இல்லை. அதைச் சொன்னதும், "அப்ப பேர்த் தகடு ஒண்டு கட்டாயம் வைக்க வேணும்" என்றார். வேறு கடைகளில் தகடு பற்றி நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்து அவர் கேட்டது: "ஆர்மியில என்ன வேலை செய்தவர்?"

நான் சொல்லத் தொடங்கினேன். இருவரும் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அம்மப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து எனக்குச் சொன்ன கதைகளில் இரண்டை அங்கே சொன்னேன்.

ஒன்று தகரப் பேணிக் கதை. பாலைவனத்தில் பிரித்தானியப் படை பெற்றோலை நாலு கலன் கொள்ளும் மெல்லிய தகரப் பேணிகளில்தான் ஏற்றி அனுப்பியது. லொறி கல்லில் குலுங்கினால் மூலையில் வெடிக்கும், பெற்றோல் மணலில் ஊறிவிடும். ஏற்றும்போது இருந்த கணக்கும் இறக்கும்போது இருந்த கணக்கும் எந்த நாளும் ஒத்துவராது என்று அம்மப்பா சொல்வார். வெறும் பேணியைப் பாதியாக வெட்டி, மணலைப் போட்டு, அதில் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தித் தேத்தண்ணி வைப்பார்களாம். ஜேர்மன்காரரிடம் இருந்தது 20 லீற்றர் கொள்ளும் உறுதியான கலன். அதைப் பிடித்து வந்து பார்த்து, அப்படியே பிரித்தானியாவும் செய்யத் தொடங்கியது. இன்றைக்கும் 'ஜெரி கான்' என்று சொல்கிறோமே, அது ஜேர்மன்காரரைக் குறித்த பட்டப்பெயரில் இருந்து வந்தது. பீரங்கி எத்தனை இருந்தாலும் பேணி ஒழுகினால் யுத்த டாங்கி நகராது. இதைக் கேட்டதும் அந்த மருமகன், "எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின மாதிரி" என்றார். அவர் அதைக் கண்ட வயதில்லை, வீட்டில் கேட்டிருப்பார்.

இரண்டாவது கதைதான் அம்மப்பாவுக்கு உயிர். ஜேம்ஸ் டால்ற்றன் என்ற வழங்கல் அதிகாரியின் கதை. இலண்டனில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே சிப்பாயாகப் படையில் சேர்ந்தார், 1862 இல் வழங்கல் பிரிவுக்கு மாறினார். 22 வருட சேவைக்குப் பிறகு 1871 இல் ஓய்வு பெற்றுத் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே 1877 இல் போர் மூண்டபோது தானாகவே திரும்ப வந்து, பதில் உதவி வழங்கல் அதிகாரியாகச் சேர்ந்தார். 1879 ஜனவரி 22 ஆம் திகதி அவர் இருந்தது றோக்ஸ் டிறிப்ட் என்ற சின்ன மிஷன் நிலையத்தில். ஒரு வீட்டை வைத்தியசாலையாகவும், ஒரு கட்டடத்தைக் களஞ்சியமாகவும் வைத்திருந்தார்கள். சில மைல் தள்ளி இசண்ட்ல்வானாவில் பெரிய பிரித்தானியப் படை ஒன்றை அந்த நாட்டுச் சூலு இனப் படையினர் அழித்துவிட்டார்கள் என்றும், அடுத்து இங்கேதான் வருகிறார்கள் என்றும் பிற்பகலில் செய்தி வந்தது.

இருந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர், அதில் நோயாளிகளும் அடக்கம். வந்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல். ஓடிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. நோயாளிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் வெட்டவெளியில் பிடிபடுவோம், இங்கேயே நிற்பதுதான் வழி என்று அழுத்திச் சொன்னவர் டால்ற்றன். களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சோள மூட்டை, ஒவ்வொன்றும் 90 கிலோ வரும். பிஸ்கற் பெட்டி, அரை அந்தர் அல்ல, முழு அந்தர், அதாவது ஏறக்குறைய 51 கிலோ. மூட்டைகளை அடுக்கி மதில் எழுப்பினார்கள். பிஸ்கற் பெட்டிகளால் உள்ளே இன்னொரு மதிலையும் தாக்குதலுக்கு முன்பே எழுப்பத் தொடங்கிவிட்டார்கள், முற்றுகை இறுகியபோது அதற்குள் ஒதுங்கினார்கள். டால்ற்றன் மதிலோரம் நின்று சுட்டார், தோளில் குண்டு பட்டது, பட்ட பிறகும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். விடிந்தபோது அந்த மதில் நின்றது.

அந்த ஒரு சண்டைக்கு, பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவைகள் 11 கொடுத்தார்கள். தளபதிகளாக நின்ற லெப்டினன்ட் சார்ட், புறோம்ஹெட் இருவருக்கும் மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. மூட்டையை அடுக்கச் சொன்னவரின் பெயர் அதில் இல்லை. நவம்பரில்தான் டால்ற்றனுக்கு அறிவித்தார்கள். அவரோடு நின்ற இன்னொரு வழங்கல் அதிகாரி டன் என்பவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. டால்ற்றன் 1887 ஜனவரியில் போட் எலிசபெத்தில் இறந்தார். அவரிடம் இருந்தவை கருஞ்சிவப்பு நாடாவில் தொங்கும் அந்த வெண்கலச் சிலுவையும், '1877-8-9' என்ற பட்டை போட்ட தென்னாபிரிக்கப் பதக்கமும்.

அம்மப்பா வேலை பழகிய இடத்தில் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "களஞ்சியக்காரன் தன்ர மூட்டையைத் தெரிஞ்சு வச்சிருக்க வேணும்" என்று சொல்லித்தான் அவர் ஒவ்வொரு முறையும் கதையை முடிப்பார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த முதல் நாளும் அதைத்தான் சொன்னார்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தடைக் காலத்தில் கண்ணாடி கிடைக்காமல் அஞ்சலிப் படங்களுக்குப் பொலித்தீன் இழுத்துக் கட்டிப் பிறேம் போட்டுக் கொடுத்ததைச் சொன்னார். "சனம் அதையும் கும்பிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போச்சுது ஐயா" என்றார்.

இனி வேலை எப்படி வந்தது என்று சொல்கிறேன், நல்லதும் கெட்டதும்.

நாடாக்களை இலண்டனில் இருக்கும் என் மகள் வாங்கி அனுப்பினாள். 32 மில்லிமீற்றர் அகலம், முழத்துக்கு விற்கிற மாதிரி அங்கே அளந்து விற்கிறார்கள். புதுநாடாதான், ஆனால் அதே நெசவு, அதே நிறம். பெட்டி தேக்கு, உள்ளே ஒன்றரை அங்குல ஆழம். பதக்கங்களை ஒட்டவில்லை. வெல்வெட் போர்த்திய பலகையில் நாடாவை மடித்து ஊசியால் தைத்திருக்கிறார். பதக்கம் நாடாவில் தொங்குகிறது, கண்ணாடியில் முட்டாது. பின்பக்கப் பலகையை ஆணி அடிக்காமல் திருகாணியால் பூட்டியிருப்பதால் வேண்டுமானால் திறந்து எடுக்கலாம். யாழ்ப்பாணத்து உப்புக் காற்றுக்கு ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றை மூலையில் மறைவாக வைத்தார். இவ்வளவும் அவராக யோசித்துச் செய்தது.

ஆனால் முதல் தடவை எடுக்கப் போனபோது என் மனம் உடைந்துதான் போனது. மூன்று பிழை.

முதலாவது, வரிசை. பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது என்று போர்ப் பதக்கத்தை முதலில் வைத்துவிட்டார். பார்ப்பவரின் இடது பக்கத்தில் இருந்து 1939–45 நட்சத்திரம், ஆபிரிக்கா நட்சத்திரம், பாதுகாப்புப் பதக்கம், கடைசியாகப் போர்ப் பதக்கம் என்றுதான் வர வேண்டும்.

இரண்டாவது, ஆபிரிக்கா நட்சத்திரத்தின் நாடா திரும்பியிருந்தது. அந்த நாடா பாலைவன மணல் நிறம். நடுவில் தரைப்படைக்குச் சிவப்பு, ஒரு பக்கம் கடற்படைக்குக் கரு நீலக் கோடு, மற்றப் பக்கம் வான்படைக்கு வெளிர் நீலக் கோடு. கரு நீலம் பார்ப்பவரின் இடது பக்கம் வர வேண்டும். இவர் மாறித் தைத்திருந்தார். 1939–45 நட்சத்திரத்திலும் இதே கவனம் வேண்டும், அதிலும் கரு நீலம் இடது பக்கம்தான். அந்த நாடாவைச் சரியாகவே வைத்திருந்தார்.

மூன்றாவதுதான் திருத்த முடியாதது. என்னைக் கேட்காமல் ஒரு நட்சத்திரத்தைப் பித்தளை மினுக்குகிற களிம்பு போட்டுத் தேய்த்துவிட்டார். எழுபது வருடம் பிடித்த அந்தக் கபில நிறம் போய்க் குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாக நின்றது. மற்ற நட்சத்திரம் கபிலமாகவே இருக்கிறது. அம்மப்பாவின் கைபட்ட நிறம் அது. அவருக்கு நல்ல எண்ணம்தான், கும்பிடுகிற பொருளை மினுக்கித்தானே வைப்போம் என்றார். எனக்குக் கோபம் வந்தது, சொல்லியும் விட்டேன்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "என்ர பிழை ஐயா" என்றார். நான் அங்கேயே ஒரு தாளில் நான்கு பதக்கங்களையும் வரைந்து, எந்த நிறம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். எல்லாத் தையலையும் பிரித்து மறுபடி செய்து தந்தார், அதற்குச் சதம்கூட வாங்கவில்லை. பேர்த் தகட்டில் அம்மப்பாவின் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து 'வே' என்பதற்குப் பதில் 'வி' என்று விழுந்திருந்தது. அது தகடு வெட்டியவரின் பிழை. அதையும் புதிதாக வெட்டுவித்தார். பதக்கத்தில் பெயர் இல்லாத மனிதருக்குத் தகட்டில் இருக்கிற பெயர்தான் பெயர், அதனால் அந்த ஒரு கொம்புக்காக நான் விடாமல் நின்றேன்.

பத்து நாளில் தருவதாகச் சொன்னது 24 நாள் ஆனது. நல்லூர்த் திருவிழா நேரத்தில் கொடுத்ததும் ஒரு காரணம். அந்த 25 நாளும் சாமிப் படங்களுக்கே அவருக்கு நேரம் போதாது. அவசரம் என்றால் ஆடி, ஆவணியில் கொடுக்காதீர்கள்.

செலவு, தேக்குப் பெட்டி, கண்ணாடி, தையல் எல்லாம் சேர்த்து 11,500 ரூபா. தகடு பத்தருக்குத் தனியாக 1,800. வேறு கடைகளில் பாதி விலை சொன்னார்கள், ஆனால் அது பசை போட்டு ஒட்டுகிற வேலை. நான் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவது பிழை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

போகிறவர்கள் இரண்டு விடயம் கவனியுங்கள். கொடுக்கும்போதே "மினுக்க வேண்டாம்" என்று தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் போதாது. பதக்கத்தைக் கொடுக்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் ஆறுதலாகப் பேசுவார், பிறகு வாள் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கார்ட் எடுப்பதில்லை, காசாகவே கொண்டு போங்கள்.

பெட்டி இப்போது எங்கள் வீட்டில் வெயில் படாத உட்சுவரில் தொங்குகிறது. செத்த வீட்டில் அந்தப் பேச்சுப் பேசிய உறவினரும் வந்து பார்த்தார். அவருக்கும் டால்ற்றனின் கதையை முழுக்கச் சொன்னேன். சோள மூட்டை எத்தனை கிலோ என்று இரண்டு தரம் கேட்டார்.

போன கிழமை பேத்தியின் சான்றிதழ் ஒன்றைக் கொடுக்க மறுபடி அங்கே போனேன். நான் அம்புக்குறி போட்டு வரைந்து கொடுத்த தாளை அவர் வேலை மேசைக்கு மேல் சுவரில் குத்தி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் இதே மாதிரிப் பதக்கம் இருந்தால் முதலில் அந்தத் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள்.